கடைக்குக் கணினி வந்தால் என்ன மாறுகிறது? திருகோணமலையில் வியாபாரத் தகவல் தொழினுட்ப ஆய்வு செய்வோருக்கான கேள்வி பதில்

வியாபாரச் செயற்பாடுகளிலும் முகாமைத்துவத்திலும் தகவல் தொழினுட்பம் என்ற பரப்பில் ஆய்வு செய்ய நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாக மாணவர்கள், வெளிவாரியாகப் பட்டம் படிப்பவர்கள், வங்கியிலோ கம்பனியிலோ வேலை பார்த்துக்கொண்டே முதுமாணி முடிக்க முயல்பவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தொழினுட்பத்தைப் பற்றி ஆட்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு ஆய்வை முடிக்காதீர்கள். அது செய்கிற வேலையை எண்ணுங்கள், நிறுத்துப் பாருங்கள், மணிக்கூட்டை வைத்து அளவிடுங்கள்.

"திருகோணமலை மாவட்ட வியாபாரங்களில் தகவல் தொழினுட்பப் பாவனை" என்று தலைப்பு வைத்திருக்கிறேன். போதுமா?

போதாது. அது ஒரு பரப்பின் பெயர்தான், கேள்வி இன்னும் வரவில்லை. மாவட்ட வியாபாரம் என்றால் உப்புவெளி விருந்தினர் விடுதியும் கிண்ணியா அரிசி ஆலையும் மத்திய வீதி மருந்துக்கடையும் கொட்பே ஐஸ் வியாபாரியும் ஒரே பட்டியலில் வந்துவிடுவார்கள். இவர்களில் எந்த இருவருக்கும் கணினி ஒரே வேலையைச் செய்வதில்லை.

ஒரு வகை வியாபாரத்தை எடுங்கள். அதற்குள் ஒரு வேலையை எடுங்கள். அந்த வேலையில் எது பிழையாகிறது என்று பாருங்கள். மருந்துக்கடை என்றால் காலாவதியாகும் மருந்தை முன்கூட்டியே கண்டுபிடிப்பது. விடுதி என்றால் ஒரே அறையை ஒரே இரவுக்கு இருவருக்குக் கொடுத்துவிடுவது. பலசரக்குக் கடை என்றால் திரையில் காட்டும் இருப்பும் தட்டில் இருக்கும் இருப்பும் ஒத்துப்போகாமை. "நிலாவெளி, உப்புவெளி விடுதிகளில் முன்பதிவுகள் பல வழிகளில் வரும்போது இரட்டைப் பதிவு எந்த இடத்தில் உண்டாகிறது?" என்பது கேள்வி. அதற்குப் பதில் தேட முடியும். பதில் கிடைத்தால் ஒருவருக்காவது பயன்படும்.

தலைப்பில் "தாக்கம்" என்ற சொல்லைப் போடலாமா?

போடலாம். ஆனால் அந்தச் சொல் உங்கள் தலையில் ஒரு பொறுப்பை ஏற்றிவிடும். கணினி வந்ததால்தான் இது நடந்தது, வராவிட்டால் நடந்திருக்காது என்று காட்ட வேண்டிவரும். ஒரே நாளில் நிரப்பி வாங்கிய வினாக்கொத்து அதைக் காட்டாது.

திருகோணமலையில் இந்தப் பொறி இன்னும் ஆழமானது. இங்கே உல்லாசப் பயணப் பருவம் ஏறக்குறைய சித்திரையில் தொடங்கிப் புரட்டாதிவரை போகும். வடகீழ்ப் பருவமழை வந்துவிட்டால் கடற்கரை வெறிச்சோடும். ஒரு விடுதி மார்ச்சில் முன்பதிவு மென்பொருள் வாங்குகிறது, ஜூலையில் அறைகள் நிரம்புகின்றன. மென்பொருள் வாங்காத பக்கத்து விடுதியும் நிரம்புகிறது. முன்னும் பின்னும் மட்டும் பார்த்தவர் மென்பொருளுக்கு மாலை போடுவார். மாலை காற்றுக்கும் கடலுக்கும் உரியது.

இதைத் தவிர்க்க ஒப்பீட்டு விடுதி வேண்டும். எடுத்துக்காட்டுக்குச் சில எண்கள்: மென்பொருள் உள்ள விடுதியில் அறை நிரம்பல் 40 வீதத்திலிருந்து 70 வீதமாகிறது, இல்லாததில் 38 இலிருந்து 62 ஆகிறது. முதலாவதில் உயர்வு 30, இரண்டாவதில் 24. பேசக்கூடியது இடையில் இருக்கும் 6 மட்டுமே. அந்த 6 கூட இரண்டு விடுதிகளும் மற்ற விதங்களில் ஒத்தவையாக இருந்தால்தான் செல்லும்.

சென்ற ஆண்டுகளோடு ஒப்பிடுவதும் இலங்கையில் எச்சரிக்கையோடு செய்ய வேண்டியது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பு, 2020 ஊரடங்கு, 2022 எரிபொருள் தட்டுப்பாடும் மின்வெட்டும் எல்லாம் அடிப்படை ஆண்டைக் கெடுத்துவைத்திருக்கின்றன. எந்த ஆண்டை அடிப்படையாக எடுத்தீர்கள், ஏன் எடுத்தீர்கள் என்று ஒரு பந்தி எழுதுங்கள்.

தொழினுட்பம் வந்தும் வருமானம் கூடவில்லை என்று முடிவு வந்தால் ஆய்வு தோல்வியா?

இல்லை. இந்தத் துறையின் மிகப் பழைய புதிரே அதுதான். கணினி யுகத்தை எங்கும் காண்கிறோம், உற்பத்தித்திறன் புள்ளிவிபரத்தில் மட்டும் காணவில்லை என்ற பொருளில் பொருளியலாளர் ரொபர்ட் சோலோ 1987 இல் எழுதினார். எரிக் பிரின்ஜோல்ப்சன் 1993 இல் அதற்கு நான்கு விளக்கங்களை முன்வைத்தார். அளவீடு பிழையாக இருக்கலாம். பயன் தெரியக் காலம் எடுக்கலாம். ஒருவரின் இலாபம் இன்னொருவரின் நட்டமாக இருந்து மொத்தத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம். அல்லது முகாமைத்துவம் அதைச் சரியாகப் பயன்படுத்தாமல் இருக்கலாம்.

இந்த நான்கும் ஒரு சிறிய கடைக்கும் பொருந்தும். மென்பொருள் வாங்கி மூன்று மாதமே ஆன கடையில் போய்ப் பயனைத் தேடினால் கற்றுக்கொள்ளும் காலத்தின் களைப்பைத்தான் அளப்பீர்கள். எத்தனை மாதப் பாவனைக்குப் பிறகு அளக்கிறீர்கள் என்பதைக் கட்டாயம் பதியுங்கள். குறைந்தது 12 மாதம் பாவித்த கடைகளை மட்டும் எடுப்பது நல்லது. அப்போது ஒரு முழுப் பருவமும் உள்ளே வந்துவிடும்.

எந்தக் கோட்பாட்டுச் சட்டகத்தைப் பிடிப்பது? எல்லோரும் டாம் என்கிறார்கள்.

டாம் எனப்படும் தொழினுட்ப ஏற்பு மாதிரியை பிரெட் டேவிஸ் 1989 இல் வெளியிட்டார். ஒரு கருவி பயனுள்ளது, இலகுவானது என்று ஓர் ஆள் உணர்ந்தால் அதைப் பாவிக்க முன்வருவார் என்பது அதன் சாரம். வெங்கடேஷும் கூட்டாளிகளும் 2003 இல் இதையும் வேறு மாதிரிகளையும் ஒன்றாக்கி யூடாட் மாதிரியைத் தந்தார்கள். செயற்றிறன் எதிர்பார்ப்பு, முயற்சி எதிர்பார்ப்பு, சமூகச் செல்வாக்கு, உதவும் சூழ்நிலை என்று அதில் நான்கு கூறுகள்.

இரண்டும் தனி ஆளைப் பற்றியவை. அதிகம் நடக்கும் பிழை இங்கேதான் நடக்கிறது. கடை முதலாளியிடம் டாம் வினாக்களைக் கேட்டுவிட்டு "சிறு நிறுவனங்கள் தொழினுட்பத்தை ஏற்கின்றன" என்று எழுதுகிறார்கள். கேட்டது ஆளை, முடிவு நிறுவனத்தின் பெயரில். நிறுவனம் ஏன் வாங்கியது என்பதுதான் கேள்வி என்றால் டோர்னாட்ஸ்கியும் பிளெய்ஷரும் 1990 இல் தந்த தொழினுட்பம், நிறுவனம், சூழல் என்ற மூன்றடுக்குச் சட்டகம் பொருந்தும். போட்டிக்கடை, விநியோகத்தரின் வற்புறுத்தல், மின்சாரம், இணைய இணைப்பு எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. வாங்கியாயிற்று, நன்றாக ஓடுகிறதா என்பது கேள்வி என்றால் டெலோனும் மெக்லீனும் 1992 இல் தந்து 2003 இல் திருத்திய தகவல் முறைமை வெற்றி மாதிரியைப் பாருங்கள். முறைமையின் தரம், தகவலின் தரம், சேவையின் தரம் என்று அது பிரித்துக் கேட்கிறது. உள்ளூரில் மென்பொருள் பழுதானால் கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்கும் கடைக்கு அந்த மூன்றாவது கூறு உயிரானது.

சட்டகம் கேள்விக்குப் பின்னால் வர வேண்டும். முதலில் சட்டகத்தைப் பிடித்துக்கொண்டு அதற்கேற்ற கேள்வியைத் தேடினால், பெயர் மாற்றிய இன்னொரு பழைய ஆய்வுதான் கிடைக்கும்.

எத்தனை பேரிடம் வினாக்கொத்துக் கொடுக்க வேண்டும்? 384 என்கிறார்களே.

384 மிகப் பெரிய குடித்தொகைக்கான எண். குடித்தொகை என்பது உங்கள் ஆய்வுக்குள் வரும் எல்லோரின் மொத்த எண்ணிக்கை. 95 வீத நம்பிக்கை, 5 வீத வழு என்று வைத்தால் வருவது. கிரெச்சியும் மோர்கனும் 1970 இல் தந்த அட்டவணைப்படி குடித்தொகை 1000 என்றால் 278, 500 என்றால் 217, 200 என்றால் 132, 100 என்றால் 80, 60 என்றால் 52. உங்கள் வகையில் 60 விடுதிகளே இருந்தால் மாதிரி எடுப்பதை விட்டுவிட்டு 60 இடத்துக்கும் போங்கள்.

அந்த அட்டவணை ஒரு விகிதத்தை மதிப்பிடுவதற்கானது. பல காரணிகள் ஒரு விளைவோடு எப்படித் தொடர்புபடுகின்றன என்று பார்க்கும் பிற்செலவுப் பகுப்பாய்வு (regression) செய்யப்போகிறீர்கள் என்றால், இருக்கும் விளைவைத் தவறவிடாமல் காண எத்தனை பேர் வேண்டும் என்று சொல்லும் வலுக் கணிப்பு வேண்டும். ஐந்து சாரா மாறிகள், நடுத்தர விளைவு 0.15, வலு 0.80, பொருண்மை மட்டம் 0.05 என்று ஜி-பவர் மென்பொருளில் போட்டால் 92 வரும்.

எண்ணைவிடக் கடினமானது பட்டியல். வியாபாரப் பெயர்ப் பதிவு பிரதேச செயலகத்தில் இருக்கும். வருடாந்த வியாபார அனுமதிப்பத்திரம் உள்ளூராட்சி மன்றத்தில் இருக்கும். பதிந்த கடை மூடியிருக்கும், திறந்திருக்கும் கடை பதிந்திருக்காது. அதனால் இரண்டு பட்டியலையும் எடுத்துக்கொண்டு வீதியை நடந்து எண்ணுங்கள். மத்திய வீதி, என்.சி. வீதி, கிண்ணியா, மூதூர் கடைத்தெருக்களை இரண்டு பேர் சேர்ந்தால் சில நாட்களில் முடிக்கலாம். அப்படி எண்ணிச் செய்த பட்டியல் ஆய்வின் மிகப் பெறுமதியான பகுதியாக நிற்கும், பின்னால் வருபவர்களும் அதைப் பாவிப்பார்கள்.

சிறியது, நடுத்தரம் என்ற சொற்களையும் நினைத்தபடி போடாதீர்கள். சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2016 தேசியக் கொள்கைச் சட்டகத்தின்படி 10 ஊழியர் வரை நுண் நிறுவனம், 11 முதல் 50 வரை சிறியது, அதற்கு மேல் சேவைத்துறையில் 200 வரையும் உற்பத்தியில் 300 வரையும் நடுத்தரம். இந்த அளவுகோலைப் பிடித்தால் கடைத்தெருவில் சிறியவை என்று நாம் நினைக்கும் பல கடைகள் நுண் நிறுவனங்கள்தான்.

வினாக்கொத்தை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கினால் சரிதானே?

சொல்லுக்குச் சொல் ஆக்கினால் சரிவராது. டாம் மாதிரியில் பயனுடைமை வேறு, பாவனை வேறு. தமிழில் இரண்டையும் "பயன்பாடு" என்று எழுதிவிட்டால் பதில் சொல்பவருக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டு மாறிகளும் ஒட்டிக்கொண்டு பகுப்பாய்வில் பிரிய மறுக்கும். "இந்த மென்பொருளால் வேலை சீக்கிரம் முடிகிறது", "இதை ஒரு நாளில் எத்தனை தரம் திறக்கிறீர்கள்" என்று வேலையின் மொழியில் எழுதுங்கள்.

எதிர்மறைக் கூற்றுகளைத் தவிருங்கள். "மென்பொருள் சிரமமாக இல்லை" என்பதற்கு "உடன்படவில்லை" என்று பதில் சொல்ல நேர்ந்தால், பாதிப் பேர் தாம் நினைத்ததற்கு நேரெதிராகக் கோடு போடுவார்கள். ஐந்து புள்ளி அளவுகோலில் நடுவில் இருக்கும் "நடுநிலை" இங்கே மரியாதையின் இடம். மனம் நோகச் சொல்ல விரும்பாதவர், விளங்காதவர், அவசரத்தில் இருப்பவர் எல்லோரும் அங்கே போய்ச் சேருவார்கள். "தெரியாது" என்று தனிப்பெட்டி வைத்தால் அந்தக் கூட்டம் குறையும்.

தமிழ், சிங்களம் இரண்டிலும் வினாக்கொத்து வேண்டும். ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திருப்பி மொழிபெயர்க்க, இரண்டையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். பிறகு ஐந்தாறு பேரிடம் வாய்விட்டு வாசித்துக் காட்டி, "இதை எப்படி விளங்கிக்கொண்டீர்கள்?" என்று கேளுங்கள். அதன் பிறகுதான் 30 பேரளவில் முன்னோட்டம்.

எந்த நேரத்தில் போனால் கடைக்காரர் பேசுவார்?

பலசரக்கு, துணி, வன்பொருள் கடைகளில் பிற்பகல் 2 முதல் 4 வரை ஆறுதல். கிண்ணியாவிலும் மூதூரிலும் வெள்ளி நண்பகல் தொழுகை நேரத்தில் போகாதீர்கள். நோன்பு மாதத்தின் பின்னேரங்களும், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரங்களும் கூடாது. விடுதிக்காரரைப் பருவத்தில் பிடிக்க முடியாது. ஐப்பசிக்குப் பிறகு உட்கார்ந்து பேசுவார், ஆனால் அவர் சொல்வது நினைவிலிருந்து வரும். அதனால் எண்ணிக்கைக்குப் பருவத்திலும் நேர்காணலுக்குப் பருவம் முடிந்த பிறகும் என்று இரண்டு தரம் போங்கள்.

கடைக்காரரை அழைக்கும் சொல் அண்ணே, ஐயா, நானா என்று இடத்துக்கு இடம் மாறும். "முதலாளி" என்றால் எல்லாக் கடையிலும் செல்லும், சிங்களவர் கடையிலும் அதே சொல்தான்.

வருமானத்தைக் கேட்டால் யாரும் சொல்வதில்லை. என்ன செய்வது?

கேட்காதீர்கள். ரூபாய்க் கணக்குக் கேட்டவுடன் வரி நினைவு வரும், அதன் பிறகு சொல்லும் எல்லாமே சந்தேகத்தோடு வரும். எண்ணிக்கையையும் நேரத்தையும் கேளுங்கள். நேற்று எத்தனை பில் போட்டீர்கள், இரவு கணக்கு முடிக்க எத்தனை நிமிடம், கடந்த ஏழு நாளில் "இல்லை, முடிந்துவிட்டது" என்று எத்தனை வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பினீர்கள். இவற்றைச் சொல்லத் தயங்குபவர் குறைவு. வருமான அளவு கட்டாயம் வேண்டுமென்றால் நான்கு, ஐந்து வீச்சுகளாக அச்சிட்டு, அவரே கோடிட்டு உறையில் போடும்படி செய்யுங்கள்.

அப்படியானால் எதை, எப்படி அளப்பது?

மூன்று அளவீடுகளை விரிவாகச் சொல்கிறோம். செலவு குறைவு, எந்தக் கடையிலும் செய்யலாம்.

முதலாவது, இருப்புப் பதிவின் துல்லியம். கடையின் பொருட்களை வேகமாகப் போவது, நடுத்தரம், மெதுவாகப் போவது என்று பிரித்து ஒவ்வொன்றிலும் 20 பொருளாக மொத்தம் 60 பொருட்களைக் குலுக்கல் முறையில் தெரிவுசெய்யுங்கள். இரவு கடை பூட்டியதும் மென்பொருளிலிருந்து இருப்புப் பட்டியலை எடுங்கள். காலையில் திறக்கும் முன் இரண்டு பேர் தனித்தனியாக எண்ணுங்கள். திரை எண்ணை எண்ணுபவர் பார்க்கக் கூடாது, பார்த்தால் கண் அதையே எண்ணும். பொதி செய்த பொருளில் ஒன்று வித்தியாசப்பட்டாலும் பிழை. சீனி, பருப்பு போன்ற நிறுத்து விற்பவற்றில் 2 வீதம் வரை விடலாம். 60 இல் 45 ஒத்துப்போனால் துல்லியம் 75 வீதம். கூடுதல் குறைவைக் கூட்டிக் கழிக்காதீர்கள். ஒன்றில் 5 கூட, இன்னொன்றில் 5 குறைய என்றால் கூட்டுத்தொகை பூச்சியம், பிழையோ இரண்டு.

குறைந்த எண் வந்தால் திகைக்க வேண்டாம். டிஹொரேஷியஸும் ராமனும் 2008 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பெரிய சில்லறை நிறுவனத்தின் 37 கடைகளில் ஏறக்குறைய 370,000 பதிவுகளைப் பார்த்தபோது 65 வீதம் பிழையாக இருந்தது. பிழையின் காரணத்தைத் தேடுவதுதான் உங்கள் ஆய்வு. பொதுவாகக் கிடைப்பவை இவை: மூன்று வகைச் சவர்க்காரம் வாங்கியவருக்கு ஒன்றையே மூன்று தரம் ஸ்கேன் செய்தல், பெட்டியாக வந்ததைத் தனித்தனியாக விற்றும் அலகை மாற்றாமை, விநியோகத்தர் இலவசமாகத் தந்ததைப் பதியாமை, கடன் கொடுத்ததைக் கொப்பியில் எழுதிவிட்டு பில் போடாமை, வீட்டுக்கு எடுத்துப் போனது, மின்வெட்டு நேரத்தில் கையால் எழுதிய சிட்டையைப் பிறகு ஏற்றாமல் விட்டது. ஒவ்வொரு பிழைக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதினால், எத்தனை பிழை கருவியின் குறை, எத்தனை பழக்கத்தின் குறை என்று பிரிக்க முடியும். எங்களுக்கு இதைவிடப் பிடித்த அட்டவணை இந்தத் துறையில் இல்லை.

இரண்டாவது, பில் போடும் நேரம். முதல் பொருள் மேசைக்கு வந்ததும் மணிக்கூட்டைத் தொடங்கி, மிச்சக் காசும் பற்றுச்சீட்டும் கைக்குப் போனதும் நிறுத்துங்கள். பொருட்களின் எண்ணிக்கை, நிறுக்க வேண்டியது இருந்ததா, காசா அட்டையா கியூ.ஆர். ஆ என்பதையும் குறியுங்கள். காலை, பிற்பகல், மாலை ஒவ்வொன்றிலும் 10 பில், நான்கு நாள் என்றால் 120 பதிவு. முதல் நாள் பதிவுகளைப் பகுப்பாய்வில் சேர்க்காதீர்கள், யாரோ பார்க்கிறார்கள் என்று கை வேகமாகப் போகும். அதற்காக ஒரு நாள் கூடுதலாகப் போங்கள்.

மூன்றாவது, இரவுக் கணக்கு. கதவு பூட்டியதிலிருந்து காசுப்பெட்டியும் புத்தகமும் ஒத்துவரும்வரை எத்தனை நிமிடம், எவ்வளவு வித்தியாசம் என்று 14 இரவு. இதைக் கடைக்காரரே எழுதலாம். ஒரு பக்கத் தாளும் பேனையும் கொடுங்கள், தினமும் ஒரு வட்ஸ்அப் நினைவூட்டல் அனுப்புங்கள்.

விடுதிக்கு வேறு அளவு. கடந்த 90 நாள் முன்பதிவுகளை எடுத்து, எந்த வழியில் வந்தது, வந்த நேரம், பதிவேட்டில் ஏறிய நேரம் என்று மூன்று நிரல் போடுங்கள். இணையத் தளங்களுக்கிடையிலான நாட்காட்டி இணைப்பு எப்போதும் உடனுக்குடன் புதுப்பிக்கப்படுவதில்லை. அந்த இடைவெளியில் வட்ஸ்அப்பில் ஒருவர் அதே அறையைக் கேட்டால் இரட்டைப் பதிவு பிறக்கிறது. அந்த இடைவெளியின் நீளம்தான் உங்கள் மாறி.

மென்பொருள் வாங்கிய பிறகும் கடன் கொப்பியை விடவில்லை. இதைத் தோல்வி என்று எழுதலாமா?

அவசரப்பட வேண்டாம். கொப்பி செய்யும் வேலைகளை முதலில் பட்டியலிடுங்கள். கடன் வாங்கியவர் தன் கணக்கைக் கண்ணால் பார்க்கிறார். இருவர் முன்னாலும் எழுதப்படுகிறது. மின்சாரம் வேண்டாம். முதலாளி இல்லாதபோது மகனும் எழுதலாம். பிள்ளைக்குச் சுகமில்லை, மாத முடிவில் தருகிறேன் என்ற பேச்சுக்கு ஓரத்தில் இடம் உண்டு. இவற்றில் எதை மென்பொருள் செய்கிறது, எதைச் செய்யவில்லை என்று பார்த்தால் கொப்பி நிலைப்பதன் காரணம் விளங்கும். அளக்க வேண்டியது இரட்டை எழுத்தின் செலவு: ஒரே விபரத்தை இரண்டு இடத்தில் எழுத ஒரு நாளில் எத்தனை நிமிடம் போகிறது? மத்திய வங்கி கொண்டுவந்த லங்கா கியூ.ஆர். கொடுப்பனவு முறை பற்றிய ஆய்வுக்கும் இதே வழிதான். ஒட்டியிருக்கும் குறியீட்டை எண்ணாதீர்கள், 100 கொடுக்கல் வாங்கலில் எத்தனை அதன் வழியாகப் போயின என்று எண்ணுங்கள்.

மீன்பிடித்துறையில் தலைப்பு எடுக்கலாமா?

எடுங்கள், இந்த மண்ணுக்கு உரியது. ரொபர்ட் ஜென்சன் 2007 இல் வெளியிட்ட கேரள ஆய்வை முதலில் படியுங்கள். 1997 முதல் 2001 வரை கைத்தொலைபேசி பரவியபோது மத்தி மீனின் விலை கரைக்குக் கரை வேறுபடுவது சுருங்கியது, விற்க முடியாமல் கொட்டுவது நின்றது, மீனவர் இலாபம் ஏறக்குறைய 8 வீதம் கூடியது, வாங்குவோருக்கு விலை 4 வீதம் குறைந்தது.

அதை அப்படியே திருகோணமலைக்குக் கொண்டுவராதீர்கள். விலையை அறிவது ஒன்று, விரும்பிய இடத்தில் விற்க முடிவது வேறொன்று. வலைக்கும் இயந்திரத்துக்கும் முற்பணம் தந்த வியாபாரியிடமே மீனைக் கொடுக்க வேண்டியவர் தொலைபேசியில் நல்ல விலையைக் கேட்டும் என்ன செய்வார்? "முற்பணம் வாங்கியவர், வாங்காதவர் இருவருக்கும் விலைத்தகவல் ஒரே அளவு பயன்படுகிறதா?" என்பது கொட்பேயிலும் கிண்ணியாவிலும் கேட்கத் தகுந்த கேள்வி. ஒரே மீன் வகை, ஒரே நாள், கரையில் கூறிய விலை, சந்தை விலை என்று 30 நாள் பதிந்தால் தரவு கிடைக்கும்.

மென்பொருளிலிருந்து எடுத்த கோப்பில் தமிழ்ப் பெயர்கள் கிறுக்கலாகத் தெரிகின்றன.

இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, கோப்பு யூனிகோட்டில் சரியாக இருக்கிறது, எக்செல் பிழையாகத் திறக்கிறது. கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், எக்செலில் தரவுப் பட்டியலுக்குள் போய் உரைக் கோப்பிலிருந்து எடு என்பதைத் தெரிவுசெய்து, கோப்பின் மூலம் என்ற இடத்தில் 65001 என்ற யூனிகோட் தெரிவைக் கொடுங்கள். மற்றது, பெயர்களைப் பாமினி எழுத்துருவில் தட்டியிருப்பார்கள். அப்போது உள்ளே இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகள். அந்த நிரலை மட்டும் எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோட்டாக்குங்கள். முழுக் கோப்பையும் போட்டால் ஆங்கிலத்தில் இருந்த பொருட்பெயர்களும் சிதையும்.

அதன் பிறகும் சீனி, சுகர், வெள்ளைச்சீனி என்று ஒரே பொருள் மூன்று பெயரில் இருக்கும். பார்கோட் எண்ணை வைத்து ஒன்றாக்குங்கள், பார்கோட் இல்லாதவற்றைக் கடைக்காரரோடு உட்கார்ந்து ஒன்றாக்குங்கள். இந்த வேலைக்கு ஒரு முழு வாரம் ஒதுக்குங்கள்.

குரோன்பாக் அல்ஃபா எவ்வளவு வர வேண்டும்?

ஒரே விடயத்தை அளக்கும் வினாக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் எண் அது. 0.70 க்கு மேல் என்பது வழக்கம். 0.95 ஐத் தாண்டினால் மகிழ வேண்டாம், ஒரே வினாவை வேறு சொற்களில் நான்கு தரம் கேட்டிருக்கிறீர்கள் என்று பொருள். காரணத்தையும் விளைவையும் ஒரே ஆளிடம் ஒரே தாளில் கேட்டால் இரண்டும் பொய்யாக ஒட்டிக்கொள்ளும். இந்தப் பொய் ஒட்டலைத் தேடும் ஹார்மன் சோதனையைப் போட்டு அதைக் கடந்துவிட முடியாது. பாவனையை முதலாளியிடம் கேளுங்கள், விளைவை நீங்கள் எண்ணிய இருப்பிலிருந்து எடுங்கள்.

நான்கைந்து கடையை மட்டும் ஆழமாகப் பார்த்தால் ஏற்பார்களா?

ஏற்பார்கள், முறையைச் சரியாக எழுதினால். ஏன் இந்தக் கடைகள், ஒவ்வொன்றிலும் எத்தனை மணிநேரம் இருந்தீர்கள், நேர்காணல், ஆவணம், அவதானிப்பு மூன்றும் எங்கே ஒத்தன, எங்கே முரண்பட்டன என்பவை இருக்க வேண்டும். முதலாளி "எல்லாமே கணினியில்தான்" என்கிறார், மேசைக்கடியில் கொப்பி இருக்கிறது என்றால் அந்த முரணை மறைக்காமல் எழுதுங்கள். மேற்பார்வையாளரிடம் முன்மொழிவு கட்டத்திலேயே பேசி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

செயற்கை நுண்ணறிவைத் தலைப்பாக எடுக்கலாமா?

நீங்கள் போகும் வியாபாரங்களில் யாராவது அதை ஒரு குறிப்பிட்ட வேலைக்குப் பாவித்தால் எடுக்கலாம், உதாரணமாக வெளிநாட்டு விருந்தினரின் மின்னஞ்சலுக்குப் பதில் எழுத. யாரும் பாவிக்கவில்லை என்றால் நீங்கள் அளப்பது கேள்விப்பட்டதைப் பற்றிய அபிப்பிராயம் மட்டுமே.

கடன் கொப்பியைப் படம் பிடிக்கலாமா?

முதலாளியின் எழுத்துமூலச் சம்மதம் இருந்தாலும், உள்ளே இருக்கும் பெயர்கள் அவருடையவை அல்ல. யார் யாருக்கு எவ்வளவு கடன் என்பது சிறிய ஊரில் மானத்தோடு சேர்ந்த விபரம். பெயரையும் தொலைபேசி எண்ணையும் தாளால் மறைத்த பிறகே படம் எடுங்கள், எடுத்த பிறகு அழிப்போம் என்று நினைக்காதீர்கள். இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உள்ளது. சம்மதப் படிவத்தை எழுதும் முன் அதை வாசியுங்கள். கடைகளுக்கு எண் கொடுத்து, எண்ணையும் பெயரையும் இணைக்கும் தாளைத் தனியாகப் பூட்டி வையுங்கள். "மூதூரில் உள்ள ஒரே குளிரூட்டப்பட்ட மருந்துக்கடை" என்பதுபோல எழுதினால் எண் கொடுத்ததில் பயனில்லை, ஊரே ஆளைக் கண்டுபிடித்துவிடும்.

முடிவைக் கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டுமா?

கட்டாயம். நூறு பக்க ஆய்வேட்டை அல்ல, அவருடைய மொழியில் ஒரு பக்கம். மேலே அவர் கடையின் துல்லிய வீதமும், பெயர் குறிக்காமல் மற்றக் கடைகளின் சராசரியும். நடுவில் அதிகம் பிழை வந்த பத்துப் பொருட்கள், திரை எண், எண்ணிய எண், காரணம். கீழே அடுத்த வாரமே செய்யக்கூடிய இரண்டு மாற்றம், உதாரணமாக மின்வெட்டுச் சிட்டைகளுக்கு ஒரு தனிக் கம்பி வைத்து அன்றிரவே ஏற்றுவது. ஆய்வேடு கையளித்த பிறகு என்று தள்ளாமல், எண்ணி முடித்த இரண்டு வாரத்துக்குள் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். பத்துப் பொருட்களின் வரிசையை அவரோடு சேர்ந்து வாசிக்கும்போது, நீங்கள் எழுதிய காரணங்களில் இரண்டு மூன்றை அவர் திருத்துவார். அந்தத் திருத்தங்களையும் ஏட்டில் சேர்த்துவிடுங்கள்.